முழுப்பேரும் அரைப்பேரும்

(மத்தேயு 20:1-16, யாக்கோபு 5:1-6)



பனி விலகுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும் மலையகக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமை அந்நிய நாட்டுக் கதையன்று. விடியலில் ஆள் சேர்த்தல், நாட்கூலி, மாலைக் கணக்கு, முணுமுணுப்பு ஆகிய யாவும் அவர்கள் அறிந்தவையே. குறித்த நிறை எட்டாமையால் 'அரைப்பேர்' பெற்று வருந்தியோர், ஒரு மணி நேரமே உழைத்தவர்க்கும் 'முழுப்பேர்' போடும் தலைவரைக் கண்டு வியப்பர்.

ஆயினும், இவ்வுவமையின் ஓரிடம் அவர்களின் நெஞ்சை உறுத்தவும் கூடும். தமக்குரியதைத் தம் விருப்பப்படி கொடுக்கத் தமக்கு உரிமையில்லையா எனத் தலைவர் வினவுகிறார். அப்படியாயின், கூலி முதலாளியின் விருப்பம், தொழிலாளி முறையிடலாகாது என்பதா இறைவார்த்தை?

இவ்விடத்தில் திருச்சபை நமக்கு வழிகாட்டுகிறது. 1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இறைவெளிப்பாடு' கொள்கைத்திரட்டு (எண் 11, 12), இறைவன் தெரிந்துகொண்ட மனிதர்கள் தத்தம் ஆற்றல்களைக் கொண்டு எழுதிய உண்மையான ஆசிரியர்களே எனக் கற்பிக்கின்றது. ஆதலால் அவர்கள் எதைச் சொல்லக் கருதினர், எவ்விலக்கிய வடிவத்தைக் கையாண்டனர் என்று ஆராய்ந்தே நாம் பொருள் கொள்ள வேண்டும்.

இவ்வுவமை மத்தேயு நற்செய்தியில் மட்டுமே உள்ளது. அனைத்தையும் விட்டு வந்த தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்டதை அடுத்தே (19:27) மத்தேயு இதனை அமைக்கிறார். யூதரிடமிருந்து முந்தி வந்தோரும் பிறவினத்தாரிடமிருந்து பிந்தி வந்தோரும் ஒரே சமூகமாய் வாழக் கற்ற காலம் அது. முந்தியவர் பிந்தியவரைப் பார்த்துப் பொறாமை கொள்ளலாகாது. விண்ணரசு கூலியன்று, கொடை என்பதே அவர் கருத்து. சம்பள விதி வகுப்பது அவர் நோக்கமன்று.

மேலும் கூர்ந்து நோக்குவோம். பேசிய ஒரு தெனாரியத்தைத் தலைவர் குறைக்கவில்லை. அன்று மாலையே கொடுக்கிறார். கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கலாகாது என்னும் கட்டளை (லேவியர் 19:13) நிறைவேறுகிறது. ஆம்! அவருடைய தாராளம் நீதிக்கு மேலாக வருவது. நீதிக்குப் பதிலாக வருவதன்று.

கூலியைக் குறித்து நேரடியாகப் பேசுபவர் யாக்கோபு. அவருடையது உவமையன்று, இறைவாக்கினரின் தொனியில் எழுந்த கண்டனம். வயலில் அறுவடை செய்தவர்க்குக் கொடாது பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுவதாகவும், அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியதாகவும் அவர் எழுதுகிறார் (5:4). இதனை ஆன்மிக உருவகமாக்கி மென்மைப்படுத்துவதும், மத்தேயுவின் உவமையைச் சம்பளச் சட்டமாக்குவதும் ஒரே வகைத் தவறே. மத்தேயுவின் பகுதி முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்றும், யாக்கோபின் பகுதி இரண்டாம் ஆண்டின் 26ஆம் ஞாயிறன்றும் வாசிக்கப்படுவதால், இரண்டையும் இணைத்துக் கேட்கும் வாய்ப்பு நமக்கு அரிது.

1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவிய இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார், தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்து, யாக்கோபு சுட்டிய கூக்குரலுக்குச் செவிமடுத்தார். நாட்சம்பளமாக 1,000 ரூபா கேட்டு மலையகம் எழுப்பிய குரலோ, பல ஆண்டுகள் கழித்து 2021இலேயே வர்த்தமானியில் இடம்பெற்றது.

எனவே, குடும்பமாக விவிலியத்தைத் திறக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம்: எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எவ்வடிவில் எழுதினார்? அயலவர் பெற்ற நன்மையைக் கண்டு நாம் முணுமுணுக்கும்போது மத்தேயு நம்மைத் திருத்தட்டும். நம் வீட்டில், கடையில், தோட்டத்தில் உழைப்பவரின் கூலியை நாம் தாமதிக்கும்போது யாக்கோபு நம்மை உறங்கவிடாதிருக்கட்டும். இருவர் வழியாகவும் பேசும் இறைவனின் குரலைப் பகுத்துணர்ந்து வாழ முயல்வோமாக.