கடலோரம் குடி போகலாமா?

"கடற்காற்று உடம்புக்கு நல்லது" என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ, தெரியாது. மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்கு வந்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, ஏழு மணிக்கு வீடு திரும்பியவராகத்தான் இருக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவராக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் என் பெரியப்பா மகன். கோவையில் பம்பு செட் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். பூர்வீக வீடு. ஒன்பதாவது படிக்கும் பெண். எழுபத்திரண்டு வயதான பெரியம்மாவும் அவர்களோடுதான். இந்தச் சித்திரையில் கம்பெனி அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, சென்னைக் கிளைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டது. அண்ணா உடனே ஒரு திட்டம் போட்டுவிட்டார். கோவை வீட்டை விற்றுவிடுவது. அந்தப் பணத்தில் சென்னையில் கடலுக்குப் பக்கமாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவது.

"நீ பதினைஞ்சு வருஷமா அங்கதான இருக்கற? போலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லு தம்பி" என்று டெலிபோனில் கேட்டார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. வீட்டையே விற்றுவிட்டு வருகிற விஷயம் அல்லவா?

முதலில் வெயில். கோவை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டு போய்விடும். சென்னையிலும் காற்று உண்டு. நிலம் சூடேறிய பிறகு, அதைவிடக் குளிர்ந்திருக்கும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். அது நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் பிழைத்தோம். தாமதமானால் அன்று நெருப்புதான். 2003-ம் வருஷம் மே மாதம் ஒருநாள் 45 டிகிரி அடித்தது. ஆனால் வெயிலைவிடப் பொல்லாதது புழுக்கம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலருவதில்லை. கோவையில் 37 டிகிரியைத் தாங்குகிறவர் இங்கே 34 டிகிரியில் துவண்டு போகிறார்.

அடுத்தது உப்பு. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் உப்பு கசிந்து நிற்கும். அப்பளம் நமுத்துப் போகும். இவற்றைச் சகித்துக்கொள்ளலாம். ஜன்னல் கம்பியும் ஏ.ஸி. யந்திரத்தின் வெளிப்பெட்டியும் துருப்பிடிப்பதைச் சகிப்பதற்குப் பணம் வேண்டும். கடற்கரையை ஒட்டிய பழைய கட்டடங்களில் கான்க்ரீட்டுக்குள் இருக்கும் கம்பியே துருவேறிப் பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளிவிடும். "கடல் தெரிகிற வீடு" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. (அண்ணா மகளுக்குக் கடல் தெரிகிற வீடுதான் வேண்டுமாம்.)

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மூவரும் வீடு பார்க்க வந்தார்கள். அண்ணா, அண்ணி, பெரியம்மா. 'வந்தே பாரத்' ரயில் 2023-ல் ஓடத் தொடங்கியபிறகு கோவையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பெரியம்மா ரயிலை விட்டு இறங்கும்போதே கேட்டார்: "ஏங்கண்ணு, அன்னிக்கு வந்துதே சுனாமி, அது மறுபடியும் வருமா?"

2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறக்க முடியாதுதான். ஆனால் அப்படிப்பட்ட பேரலை அபூர்வம். சென்னையில் குடியிருக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கடலிடம் அவ்வளவு பயம் இல்லை. நாம் கிழக்கே கடலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம். தண்ணீர் மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக வருகிறது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் ஆறும் கால்வாயும் கடலில் கொண்டு சேர்க்கும். அந்த ஏரிகளில் பலவற்றின் மேல்தான் இன்று நகரம் உட்கார்ந்திருக்கிறது. தியாகராய நகரே 1920-களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். பழவந்தாங்கல் என்கிறோம், தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேப்பேரியிலும் ஓர் ஏரி ஒளிந்திருக்கிறது. நிலமோ தட்டையானது. கோவையைப்போல் இரண்டு மடங்கு மழை, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. புயல் சமயத்தில் கடலும் பொங்கி நின்றால் ஆற்று நீர் உள்ளே போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்புகிறது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் நடந்ததும், 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போது தெற்குப் புறநகரில் நடந்ததும் இதுதான்.

அன்று தரகர் முதலில் காட்டிய வீடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் சமீபத்தில் இருந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. முன்பு இருந்ததில் சிறு பகுதிதான் மிச்சம். வீடு தரைத்தளம். பளிங்குபோல் தரை, நல்ல சமையலறை. அண்ணிக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான் பிடித்தது என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பெரியம்மா மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில், எதிர் வீட்டுச் சுற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, இது என்னுங்க கோடு?"

இடுப்பளவு உயரத்தில், சுவர் நெடுகப் பழுப்பாக ஒரு கறை. தெருவின் கடைசி வரை அதே மட்டத்தில் போயிற்று.

"பழைய பெயிண்ட்டும்மா" என்றார் தரகர்.

"எல்லா ஊட்லயும் ஒரே ஒசரத்துலயா பெயிண்ட்டு அடிப்பாங்க?"

தரகர் தமது கைக்குட்டையைத் தேடினார். நாங்கள் காரில் ஏறினோம்.

தண்ணீர் கூடினால் இப்படி. குறைந்தாலோ? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசை வைத்து இரவில் விழித்திருந்தவர்களில் நானும் ஒருவன். கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் புகுந்து, கிணறு உப்பாகிவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும், நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் என்ற கணக்கில் தொடங்கின. 2024-ல் நெம்மேலியில் இன்னும் பதினைந்து கோடி லிட்டருக்கு ஒன்று சேர்ந்தது. நிலைமை முன்னைவிடத் தேவலை. ஆனால் வீடு பார்க்கும்போது கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன், குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறதா, போரா, லாரியா என்று கேட்க வேண்டும்.

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியம்மா, என் வீட்டில் கேன் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, "பின் நீ ஏன் அங்கே இருக்கிறாய்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஊரில் எந்தப் படிப்புக்கும் ஒரு கல்லூரி இருக்கிறது. எந்த வியாதிக்கும் ஒரு டாக்டர் இருக்கிறார். ஓர் உத்தியோகம் போனால் இன்னொன்று தேட இடம் உண்டு. 2015-ல் தொடங்கிய மெட்ரோ ரயில் பிரயாணத்தின் அலுப்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. மார்கழியில் கச்சேரி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக் காலம் நீங்கலாக, காசிமேட்டில் வந்து இறங்கும் மீன். அப்புறம், பத்துப் பைசா செலவில்லாமல் மெரீனா மணலில் உட்கார்ந்து நாள் முழுவதும் பட்ட வேர்வையைக் கடற்காற்றில் ஆற்றிக்கொள்ளலாம். முதல் பாராவில் கேலி செய்த அதே காற்றுதான்! அன்று மாலை பெரியம்மாவும் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "போலாமுங்களா அம்மா?" என்று அண்ணா இரண்டு முறை கேட்டும் எழுந்திருக்கவில்லை.

நான் அண்ணாவிடம் சொன்னது இதுதான்: வா, ஆனால் விற்காதே. பெண்ணின் படிப்புக்காகவும் உன் உத்தியோகத்துக்காகவும் வா. வாடகைக்கு, முதல் மாடிக்குக் குறையாமல் ஒரு வீடு பிடி. மே மாதத்தில் வீடு பார்த்து மே மாதத்திலேயே பத்திரம் பதிவு செய்கிறவனுக்கு, அந்தத் தெரு நவம்பரில் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு மழைக்காலம் இருந்து பார்.

அண்ணாவுக்கு அரை மனசு. வாடகைப் பணம் வீண்தானே என்றார். தீர்ப்பைப் பெரியம்மா சொன்னார்.

ஆனியில் குடி வந்துவிட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி, கடல் தெரியாது. பெண்ணுக்கு அதில் வருத்தம்தான். கோவை வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பெரியம்மா வரும்போது இரண்டு கேனில் சிறுவாணித் தண்ணீர் கொண்டு வந்தார், அது தீர்ந்துவிட்டது. கார்த்திகை கழியும் வரை வீடு வாங்குகிற பேச்சை எடுக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு.