மீன் தொட்டிக்குள் ரப்பர் பூச்சு: அழகா, ஆபத்தா?

கண்ணாடித் தொட்டிக்குள் தங்க மீன்கள் வாலை வீசி நீந்துவது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. ஆனால் தொட்டிக்குள் மீன்கள் மட்டுமா இருக்கின்றன? வெள்ளைக் குழாய் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. செடியை அழுத்தி வைக்கும் உலோகத் துண்டும் இருக்கிறது. "இவற்றின் மேல் கறுப்பாக எதையாவது பூசி மறைத்துவிட்டால் என்ன?" என்று பலருக்குத் தோன்றும்.

அப்படி நினைப்பவர்களின் கண்ணில் படுவதுதான் உரிக்கக்கூடிய ரப்பர் பூச்சு. கார் சக்கரங்களுக்கும், கருவிகளின் கைப்பிடிகளுக்கும் இதைப் பூசுகிறார்கள். பூசுவது சுலபம். பிடிக்கவில்லை என்றால், வாழைப்பழத் தோலைப் போல உரித்து எடுத்துவிடலாம்.

காருக்கு ஏற்ற இந்தப் பூச்சு, மீன் வாழும் தண்ணீருக்கும் ஏற்றதா?

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

டப்பாவில் இருப்பது வெறும் ரப்பர் அல்ல. செயற்கை ரப்பரை நாப்தா, டொலுயீன் போன்ற ரசாயனங்களில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பூசியதும் இந்த ரசாயனங்கள் ஆவியாகிப் பறந்துவிடும். ரப்பர் மட்டும் மெல்லிய தோலாக நின்றுவிடும்.

முழுவதும் பறந்துவிட்டால் நல்லது. ஆனால் ஒரே தடவையில் கனமாகப் பூசினால், மேலே ஆடை கட்டிவிடும். உள்ளே ஈரம் அப்படியே சிக்கிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டாது. தண்ணீரில் போட்டால் விஷம் மெல்ல மெல்லக் கசியும்.

மீன் எங்கே ஓடும்?

வர்ண வாடை தாங்கவில்லை என்றால் மனிதன் வாசலுக்கு வந்துவிடுவான். மீன் எங்கே போகும்? மீனின் செவுள்களில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய தோல். பிராணவாயு நுழையும் அந்த வழியாகவே தண்ணீரில் கலந்த ரசாயனமும் நுழைந்துவிடும்.

தொட்டி இருக்கும் அறையில் இந்தப் பூச்சை அடிப்பதும் தவறு. காற்றுக் குமிழ் விடும் மோட்டார், அறையில் உள்ள ஆவியை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். ஆகவே மொட்டை மாடியிலோ, திறந்த வெளியிலோ வைத்துப் பூச வேண்டும். இந்த ஆவி சட்டென்று தீப்பற்றக் கூடியது. அடுப்பும் தீக்குச்சியும் கிட்டத்தில் இருக்கக் கூடாது.

மறைக்கும், மாற்றாது

இன்னோர் அபாயமும் உண்டு. செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் கரைந்தால் மீனுக்குக் கெடுதல். நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே எமன். "மேலே ரப்பர் பூசிவிட்டால் கவலை இல்லை" என்று சிலர் நினைக்கிறார்கள்.

சுலபமாக உரியும் என்பதுதானே இந்தப் பூச்சின் பெருமை? தண்ணீருக்குள் அதுவே அதன் குற்றம். ஓரம் ஒரு நூல் அளவு பிரிந்தாலும் தண்ணீர் உள்ளே நுழைந்துவிடும். தங்க மீன் கண்டதையும் கொத்தும். சக்கர் மீன் வாயால் ஒட்டிக்கொண்டு சுரண்டும். உரிந்த துண்டை மீன் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். பூச்சு விஷப் பொருளை மறைக்குமே தவிர, அதை நல்ல பொருளாக மாற்றாது.

பூசியே ஆக வேண்டுமா?

தொட்டியின் பின்புறக் கண்ணாடியைக் கறுப்பாக்க வேண்டுமானால், வெளிப்புறத்தில் பூசுங்கள். அழகும் கிடைக்கும், தண்ணீருக்கும் தீங்கு இல்லை. காலித் தொட்டியாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

உள்ளே வைக்கும் பொருளுக்குப் பூசுவதானால், பூச்சு இல்லாமலே தண்ணீரில் இருக்கத் தகுந்த பொருளாக அது இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பூசாமல், ஓரமே இல்லாதபடி சுற்றிலும் பூசுங்கள். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததை அடிக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் கருவிக்கு ஒருபோதும் பூசக் கூடாது. சூடு வெளியேற வழி இல்லாமல் போய்விடும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கவும் மறக்கக் கூடாது.

வாளிப் பரீட்சை

பூசிய பொருளைக் காற்றோட்டத்தில் பல நாட்கள் உலர விடுங்கள். மூக்கின் அருகே வைத்தால் வாடையே வரக் கூடாது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் சில நாட்கள் ஊறப் போடுங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? வாடை அடிக்கிறதா? ஓரம் கிளம்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பொருள் தொட்டிக்கு வேண்டாம். கண்ணும் மூக்கும் எல்லா விஷத்தையும் கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே தேறிய பொருளையும் தொட்டியில் வைத்தபின் தினமும் கவனிக்க வேண்டும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் தாமதிக்கக் கூடாது. சந்தேகத்துக்குரிய பொருளை உடனே வெளியே எடுங்கள். குளோரின் நீக்கிய, அதே அளவு சூடுள்ள தண்ணீரை ஊற்றி, மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். காற்றுக் குமிழை அதிகமாக்குங்கள். சுத்தம் செய்யும் கருவியில் மீன் தொட்டிக்கென விற்கும் கரித்தூளைப் போட்டால், கரைந்த ரசாயனத்தில் ஒரு பகுதியை அது இழுத்துக்கொள்ளும்.

பழைய பாடம்

தண்ணீருக்குத் தகுந்த பொருளைத் தேடுவது மீன் வளர்ப்பவர்களுக்குப் புதிதல்ல. லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிசாலை 1853-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் வீட்டுத் தொட்டிகளை இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, மக்கு வைத்து அடைத்தார்கள். இரும்பு துருப்பிடித்தது, மக்கு காய்ந்து வெடித்தது. 1960-களில் சிலிக்கோன் பசை வந்த பிறகே, சட்டம் இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாத்தியமாயிற்று. அந்தப் பசையிலும் பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்த குளியலறை ரகம் மீனுக்கு ஆகாது.

வெள்ளைக் குழாய் கண்ணை உறுத்துகிறதா? அதன் முன்னால் ஒரு கல்லை வையுங்கள். ஒரு செடியை நடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் பொறுத்திருங்கள். சில வாரங்களில் பாசியே வந்து, காசு வாங்காமல் பச்சை வர்ணம் பூசிவிடும்!