அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்றாலும் நம்பாதீர்கள்!

தங்கவயல் சுரங்கத்தில் தலைக்குத் தொப்பி போட்டுக் கொண்டுதான் ஆட்கள் கீழே இறங்குவார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க ஆஸ்பத்திரியும் ஓய்ந்தது. இன்று மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம் பகுதித் தமிழர்கள் பலர் விடியற்காலையில் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆபத்து மட்டும் போகவில்லை. சாரத்திலிருந்து விழுகிறவர் உண்டு; இருசக்கர வண்டியில் சறுக்கி விழுகிறவரும் உண்டு.

தலையில் அடிபட்டால் வெளியே வரும் ரத்தத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது உள்ளே கசியும் ரத்தத்துக்கு!

ஏமாற்றும் இடைவேளை

மண்டை ஓடு மூடிய பெட்டி. அதற்குள் ரத்தம் கட்டினால் விலகிக் கொடுக்க இடம் கிடையாது. மூளைதான் நசுங்கும்.

காதுக்கு மேலே எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிந்து அது கிழிந்தால், எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். இந்த வகையில் சிலர் சற்று மயங்கி, பிறகு எழுந்து பேசுவார்கள், நடப்பார்கள், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மறுபடி மயக்கம்! நினைவு இருக்கும்போதே ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டியை எடுத்தால் அநேகமாக எல்லோரும் பிழைத்து விடுகிறார்கள். கண்மணி விரிந்த பிறகு கொண்டு போனால் பலர் பிழைப்பதில்லை.

நான்கு மணி கணக்கு

மேலுறைக்கு அடியில் ரத்தம் கட்டுவது இன்னும் கொடியது. பெரும்பாலும் மூளையும் கன்றிப் போயிருக்கும். இப்படி நினைவிழந்த 82 பேரைப் பற்றி 1981-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். 4 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். தாமதமானவர்களில் இறந்தவர்கள் 90 சதவீதம்! வைத்தியம் முன்னேறிய இன்றும் இந்த வகை பொல்லாததுதான். பிழைத்தவர்களில் பலருக்கு ஞாபகம், பேச்சு, கைகால் பலம் குறைந்து போகிறது.

எல்லா ரத்தக்கசிவுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சிறியதானால் ஆஸ்பத்திரியில் வைத்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தங்கவயலிலிருந்து பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். ஆகவே 108-ஐ உடனே கூப்பிடுங்கள். போகிற இடத்தில் சி.டி. ஸ்கேன் உண்டா, மூளை ஆபரேஷன் டாக்டர் உண்டா என்று போனில் கேட்டு விடுங்கள். அலைவதில்தான் உயிர் போகிறது.

"வயசாச்சு" என்று விடாதீர்கள்

முதியவர்களுக்கு வேறு விதம். குளியலறையில் லேசாக இடித்திருப்பார். வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். சில வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். மண்டையில் சிறு துளை போட்டு, தேங்கிய பழைய ரத்தத்தை வடித்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள். ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்கு மீண்டும் சேருவதால் கவனிப்பு தேவை.

எப்போது ஓட வேண்டும்?

சற்று நேரம் நினைவு தப்பியிருந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காதில் மூக்கில் ரத்தமோ நீரோ, எழுப்பினாலும் எழாத தூக்கம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "குடித்திருக்கிறான், தூங்கட்டும்" என்று விடுவது பெருந்தவறு. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

சாலையில் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ் தொல்லை என்ற பயமும் வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஹெல்மெட் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும், மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. பூமிக்கு அடியில் தொப்பி போட்ட தகப்பனாரின் பிள்ளைகள், பூமிக்கு மேலே ஹெல்மெட் போட வெட்கப்படலாமா?