விமானப் பயிற்றுநர் வேலை: பறந்தால்தான் சம்பளம்

பைலட் ஆக விரும்பும் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பச் சொல்பவர்கள் பெற்றோரிடம் ஒரு கணக்குச் சொல்வார்கள்: "லைசென்ஸ் எடுத்ததும் அங்கேயே பயிற்றுநராக வேலை பார்க்கலாம், செலவழித்த பணத்தை எடுத்துவிடலாம்." இதில் பாதி உண்மை. நகையையோ நிலத்தையோ விற்கும் முன் மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

யார் பயிற்றுநர் ஆகலாம்?

அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குப் பொதுவாக 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சில பாடத்திட்டங்களில் 190 மணி நேரம் போதும். அதன்பின் பயிற்றுநருக்கான எழுத்துத் தேர்வுகளிலும், வாய்மொழி மற்றும் பறக்கும் தேர்விலும் தேற வேண்டும்.

பலர் இதை நிரந்தரத் தொழிலாக எடுப்பதில்லை. 2009-ல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த விமான விபத்தில் 50 பேர் இறந்தார்கள். அதையடுத்து 2013-ல் வந்த விதிப்படி, அந்நாட்டுப் பயணிகள் விமான நிறுவனங்களில் சேரப் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் தேவை. அந்த மணிநேரத்தைச் சேர்க்கவே இளைஞர்கள் பயிற்றுநர் ஆகிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் வானிலை அறிக்கையையும் விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் முதலில் தரையில் விளக்கம், பிறகு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பறத்தல், இறங்கியதும் தவறுகளைப் பேசிப் பதிவேட்டில் எழுதுதல். எந்த 24 மணி நேரத்திலும் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து பயிற்சி அளிக்கக் கூடாது என்பது சட்டம். வார இறுதியில்தான் வேலை அதிகம். வேறு வேலை பார்த்துக்கொண்டே கற்பவர்கள் அப்போதுதான் வருவார்கள்.

லுஹரையும் அஸரையும் இரண்டு வகுப்புகளுக்கு இடையே தொழுதுகொள்ளலாம். ஜும்ஆவுக்கு முன்கூட்டியே சொல்லி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நோன்பு காலத்தில் அதிகாலை வகுப்புகளைக் கேட்டு வாங்குவது நல்லது. சோர்வோடு பறப்பது மாணவரின் உயிருக்கும் ஆபத்து.

சம்பளம் எப்படி?

பல பள்ளிகளில் மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்குத்தான். உதாரணமாக, மணிக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் பள்ளியில் இருந்து ஐந்து மணி நேரம் பறந்தால் கையில் வருவது 150 டாலர். தரை வகுப்புக்குச் சில பள்ளிகள் தனியாகக் கொடுக்கும். ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடிமழை சகஜம். அன்று வகுப்பு ரத்தானால் வருமானமும் இல்லை.

விசாவைக் கவனியுங்கள்

எம்-1 விசாவில் போகும் மாணவர் படிக்கும்போது வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்தபின் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதம், அதிகபட்சம் ஆறு மாதம் மட்டுமே அனுமதி. எஃப்-1 விசா தரும் பள்ளிகளில் படித்தால் பொதுவாக ஓராண்டு கிடைக்கும். இந்தியா திரும்பினால் டிஜிசிஏ தேர்வுகளை எழுதி லைசென்ஸை மாற்ற வேண்டும்.

எனவே சேரும் முன் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த விசா? பயிற்றுநர் வேலைக்கு உத்தரவாதம் உண்டா? தரை வகுப்புக்குச் சம்பளம் உண்டா?

"பயிற்றுநர் சம்பளத்தில் அடைத்துவிடலாம்" என்று நம்பி வட்டிக் கடன் வாங்குவது மார்க்கத்திலும் கூடாது, கணக்கிலும் நிற்காது. கையில் உள்ளதைக் கொண்டு திட்டமிடுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.