நொடிக்கு 50 துடிப்பு

செங்டு நகரத்துக் கடைத்தெருவில் மசாலா வியாபாரி ஒருவர் என் உள்ளங்கையில் இரண்டே இரண்டு தொலிகளை வைத்தார். மிளகளவுதான் இருக்கும். செம்பழுப்பு நிறம்; வாய் பிளந்து உள்ளே காலியாக இருந்தன. முன்பல்லால் கடித்து உதட்டோரம் ஒதுக்கிக்கொள்ளும்படி சைகை காட்டினார். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை முதலில் வந்தது. பிறகு லேசான கசப்பு. இவ்வளவுதானா என்று நினைத்த நேரத்தில் உதடு துடிக்கத் தொடங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன். உதடு அசையவே இல்லை. உள்ளுக்குள் மட்டும் ஏதோ ஒன்று சன்னமாக அதிர்ந்துகொண்டே இருந்தது.

சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்துக்குக் காரம் தேடித்தான் போனேன். அதன் தலைநகரான செங்டுவை 2010இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்தது. ஆசியாவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் ஊர் அதுதான். சின்ன வயதிலிருந்து பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்ட நாக்கு என்னுடையது. காரம் எனக்குப் பயமில்லை. அந்தத் தொலி தந்தது காரமே இல்லை என்பதுதான் என்னைத் தடுமாற வைத்தது.

அதன் பெயர் ஹுவாஜியாவ். 'பூ மிளகு' என்று சொல்லலாம். நம் மிளகுக் கொடிக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்செடி அது. நம் வில்வமும் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். தொலியின் மேலுள்ள புள்ளிகள் ஆரஞ்சுத் தோலில் இருப்பவை போன்ற எண்ணெய்ப் பைகள். உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் போல நறநறக்கும் என்பதால் அதைத் தள்ளிவிட்டுத் தொலியை மட்டும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடிக்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் கொங்கணிக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திரிபலும் இதே இனத்துச் செடிதான். இந்த எலுமிச்சை உறவால் அமெரிக்காவில் அதற்கு ஒரு சோதனையும் வந்தது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் சொறி நோய் அதனோடு நுழைந்துவிடும் என்று 1968இலிருந்து 2005 வரை அங்கே அதை இறக்குமதி செய்யவே தடை இருந்தது.

சிச்சுவான்காரர்கள் தங்கள் சமையலை இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: மா, லா. 'லா' மிளகாயின் எரிச்சல். 'மா' இந்தத் தொலி தருகிற மரமரப்பும் துடிப்பும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்தவர்கள் நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் உடம்பு இவ்விரண்டையும் வெவ்வேறு வாசல் வழியாகவே உள்ளே விடுகிறது.

எரிச்சலின் வாசலை 1997இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸ். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அதற்கு நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று தேடிப்போன அவருடைய குழு, நரம்புச் செல்லின் சவ்வில் டிஆர்பிவி1 என்ற புரதத்தை இனம்கண்டது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறந்து 'சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்பும் புரதம் அது. கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால் சூடு இல்லாமலேயே அது திறந்துவிடும். மிளகாய் கடித்தவருக்கு வாய் வெந்தது போல இருப்பதும், நெற்றி வியர்ப்பதும் அதனால்தான். இந்த வேலைக்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'மா' விஷயத்தை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வின் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. பங்கேற்றவர்களின் உதட்டில் இந்தப் பொடியைத் தடவி, விரல் நுனியில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். உதட்டின் துடிப்பும் விரலின் அதிர்வும் ஒத்துப்போகின்றனவா, எது வேகம் என்று அவர்களையே ஒப்பிடச் சொன்னார்கள். ஏறக்குறைய நொடிக்கு 50 அதிர்வில் இரண்டும் ஒத்துப்போயின. தோலில் லேசான சிலுசிலுப்பை உணர்வதற்கென்றே இருக்கும் ஒருவகைத் தொடு நரம்புகள் வேலை செய்கிற வேகமும் அதுவே. தொலியில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் அந்த நரம்புகளைத் தட்டி எழுப்பி, யாரும் தொடாமலேயே தொடுவது போன்ற உணர்வைத் தருகிறது. நரம்பை அமைதியாக வைத்திருக்கும் பொட்டாசியம் வாசல்கள் சிலவற்றை சான்ஷூல் அடைத்துவிடுகிறது என்று ஆய்வாளர் டயானா பவுட்டிஸ்டாவின் குழு 2008இலேயே எழுதியிருந்தது.

ஆக, நாம் காரம் என்று சொல்வது சுவை மொட்டுகளின் கணக்கில் வராது. அது சூடும் வலியும். 'மா' அதற்கும் அப்பால், தொடுதல். இது தெரிந்த பிறகு சாப்பிட்ட மாப்போ தோஃபு என்ற சோயாக் கட்டிக் குழம்பு எனக்கு வேறு பண்டமாகிவிட்டது.

செங்டுவின் வான்ஃபு பாலத்தருகே 1862இல் தொடங்கிய சோற்றுக்கடையில், சென் என்பவரின் மனைவி சமைத்தது என்று அதன் கதையைச் சொல்கிறார்கள். அம்மைத் தழும்பு முகத்துக்காரம்மா செய்த தோஃபு என்பது பெயரின் பொருள். தழும்புக்கும் மரமரப்புக்கும் சீனத்தில் ஒரே எழுத்து. நல்ல மாப்போ தோஃபுவுக்கு எட்டு லட்சணம் உண்டு என்று அங்கே எண்ணிச் சொல்கிறார்கள்: மரமரப்பு, எரிச்சல், கொதிசூடு, மணம், மொறுமொறுப்பு, மென்மை, ருசி, உயிர்த்துடிப்பு. எண்ணிப் பார்த்தேன்; மரமரப்பு, எரிச்சல், சூடு, மொறுமொறுப்பு, மென்மை என்று ஐந்து லட்சணங்கள் தொட்டு அறிபவை. ஒரு பண்டத்தை இத்தனை நுணுக்கமாகத் தோலால் அளந்த சமையலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கொதிசூடு அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. மேலே ஒரு விரற்கடை செந்நிற எண்ணெய் மிதப்பதால் தட்டு லேசில் ஆறாது. சூடும் மிளகாயும் தட்டுவது ஒரே டிஆர்பிவி1 வாசலைத்தான். ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடுகிறது. அதே குழம்பை ஆறவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். காரம் பாதியாக இறங்கியிருந்தது.

எண்ணெய்க்கு அந்தச் சிவப்பைத் தருவது தோபன்ஜியாங் விழுது. செங்டுவை ஒட்டிய பீசியான் இதற்குப் பேர்போன ஊர். பெரிய மொச்சை போன்ற ஃபாவாப் பயறும் மிளகாயும் உப்பும் கலந்து, மண் சாடிகளில் பகலெல்லாம் வெயில் காட்டிக் கிளறி, இரவில் பனிபடத் திறந்து வைக்கிறார்கள். மழை வந்தால் மூடி. வருடக்கணக்கில் நொதித்த விழுது கறுத்து, காரம் தணிந்து, ஆழமான ருசிக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு மிளகாய் அங்கே எப்படி வந்தது? அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. சீனாவில் 1591இல் காவ் லியான் என்பவர் எழுதிய நூலில், பார்க்க அழகான சிவப்புக் காயாகத்தான் வருகிறது. பக்கத்து மாகாணமான குய்சோவின் மலைகளில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியதாகக் குறிப்பு இருக்கிறது. சிச்சுவானில் அது பரவலானது அதற்கும் பிறகுதான். பூ மிளகு அப்படி வந்ததில்லை. ஹான் வம்ச காலத்திலேயே அரசியின் அறைச் சுவர்களில் மணத்துக்காக அதைக் கலந்து பூசினார்கள். புதிதாக வந்த காய்க்குப் பெயர் வைக்கும்போது பழைய பொருளின் பெயரைத்தான் ஒட்டினார்கள்: ஜியாவ் என்பதோடு 'ஹாய்' சேர்த்து ஹாய்ஜியாவ், அதாவது கடல் மிளகு. கடலையே காணாத மாகாணத்தில் இன்றும் மிளகாய்க்கு அதுதான் நாட்டுப்பெயர். நாமும் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். முன்பின் அறியாத இரண்டு ஊர்கள் ஒரே வேலையைச் செய்திருப்பதை நினைத்து அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

கடைசி நாள் ஹாட்பாட். மாட்டுக் கொழுப்பில் மிளகாயும் பூ மிளகும் மிதக்கக் கொதிக்கும் சட்டியில் ஒவ்வொன்றாக முக்கி வேகவைத்து, பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காரத்துக்கு எண்ணெயா என்று முதலில் தயங்கினேன். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும்; கிண்ணத்து நல்லெண்ணெய் அதைக் கொஞ்சம் கழுவி இறக்கிவிடுகிறது. நம் மோர்சாதம் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். மோரிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது.

முடிவில் கண்ணாடி போன்ற ஒரு கிண்ணம் கூழ் வந்தது. பிங்ஃபென் என்றார்கள். ஒரு செடியின் விதையைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து உறையவைத்து, வெல்லப்பாகு ஊற்றி, குளிரக் குளிரத் தருகிறார்கள். அந்தச் செடியும் மிளகாய்க் குடும்பம். அதன் பூர்வீகம் பெரு நாடு. எரிச்சலும் அதற்கான மருந்தும் ஒரே கண்டத்திலிருந்து வந்து இந்த மேசையில் சந்தித்திருக்கின்றன. முதல் கரண்டியில் குளிர் மட்டும் தெரிந்தது. இரண்டாவதில் கூழ் வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. மூன்றாவதில்தான் வெல்லம் இனித்தது. உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.