உடைக் கட்டுப்பாடு (தமிழகக் கல்லூரிகள்)

கல்லூரி மாணவர் எவ்வகை உடை அணியலாம் என நிறுவனம் வகுக்கும் விதி உடைக் கட்டுப்பாடு எனப்படும். 2005 ஆம் ஆண்டில், டி. விசுவநாதன் துணைவேந்தராக இருந்தபொழுது, அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லா மேலாடை, இறுக்கமான உடை ஆகியவற்றைத் தடை செய்தது. கண்ணியமே காரணம் எனப்பட்டது. ஆனால் அனுமதிக்கப்பட்ட சல்வார் கமீசு வடக்கிலிருந்தும் முழுக்காற்சட்டை மேற்கிலிருந்தும் வந்தவையே. ஜீன்சோ, செப்பு ஆணி பதித்த உழைப்பாளர் உடையாக 1873 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது.

பல்கலைக்கழகத்தின் அதிகாரம் மாநில எல்லையோடு முடிவதாகும். ஆகவே, தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்குச் சென்று பொறியியல் படித்தவரை இவ்விதி கட்டுப்படுத்தியது. அதே ஊரிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூரில் படித்தவரைக் கட்டுப்படுத்தவில்லை.