மினிமம் டியூ கட்டியும் கடன் குறையலையா? கிரெடிட் கார்டு பாக்கியை வேகமாக அடைப்பது எப்படி?

குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என நீளும் ஜிஎஸ்டி சாலையில் எந்தக் கடையில் பில் போட்டாலும் “கார்டா, கேஷா?” என்ற கேள்வி வரும். வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், அபார்ட்மென்ட் பராமரிப்பு எல்லாம் போக, பல வீடுகளில் சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. மீதி நாட்கள் கார்டில் ஓடுகின்றன. பில் வந்ததும் முழுசா கட்ட முடியாமல், ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிவிட்டு மூச்சு விடுகிறோம்.

“மாசா மாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா கடன் அப்படியே நிக்குதே” என்பதுதான் பலரின் புலம்பல். ஏன் அப்படி? எப்படி வெளியே வருவது?

மினிமம் டியூ கட்டினால் என்ன ஆகும்?

ஒரு உதாரணக் கணக்கு. கார்டில் பாக்கி 1 லட்சம் ரூபாய். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். பல கார்டுகளில் இந்த அளவு வட்டிதான் இருக்கிறது. ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு; அது 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய். மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டுவது சுமார் 5,200 ரூபாய். அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே.

இப்படியே ஒரு வருடம் போனால், கையை விட்டுப் போன பணம் ஏறத்தாழ 59,000 ரூபாய். கடன் குறைந்தது சுமார் 12,000 ரூபாய்தான். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறையும் என்பதால், கடன் பாதியாவதற்கே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். மினிமம் டியூ என்பது தாமதக் கட்டணத்திலிருந்து தப்பிக்கும் தொகை. கடனை அடைக்கும் தொகை அல்ல.

எவ்வளவு கட்டினால் எப்போது முடியும்?

பில்லில் இருக்கும் மினிமம் தொகையைப் பார்க்காதீர்கள். நீங்களே ஒரு தொகையை முடிவு செய்து, பாக்கி குறைந்தாலும் அதைக் குறைக்காமல் கட்டுங்கள். அதே 1 லட்சத்துக்கு:

- மாதம் 5,000 ரூபாய்: 44 மாதங்கள். மொத்தம் கட்டுவது சுமார் 2.16 லட்சம்.
- மாதம் 8,000 ரூபாய்: 18 மாதங்கள். மொத்தம் சுமார் 1.44 லட்சம்.
- மாதம் 10,000 ரூபாய்: 14 மாதங்கள். மொத்தம் சுமார் 1.32 லட்சம்.

மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகப் புரட்டினால் இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம். தீபாவளி போனஸில் 20,000 ரூபாயை அப்படியே கார்டில் போட்டால், அடுத்த மாதமே வட்டிச் சுமையில் 826 ரூபாய் குறையும்.

கார்டைத் தேய்த்துக்கொண்டே கடனை அடைக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன மாத பாக்கி நிற்கும்போது, வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். எனவே கடன் தீரும்வரை அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுங்கள். உணவு ஆப், ஓடிடி சந்தா, யுபிஐயில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு, பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது தானாக ரீசார்ஜ் ஆகும் ஃபாஸ்டேக் என எங்கெல்லாம் கார்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கிருந்தெல்லாம் எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று கார்டு இருந்தால்?

எல்லா கார்டுக்கும் மினிமம் டியூவைத் தவறாமல் கட்டிவிட்டு, மிச்சப் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். அது முடிந்ததும் அந்தத் தொகையை அப்படியே அடுத்த கார்டுக்குத் திருப்புங்கள். வட்டி ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், சின்ன பாக்கியை முதலில் முடிப்பது மனதுக்குத் தெம்பு தரும்.

ஒரு கார்டைத் தேய்த்துப் பணமாக்கி இன்னொரு கார்டைக் கட்டும் ‘ரொட்டேஷன்’ வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் போகும். கடன் அங்கேயேதான் இருக்கும்.

நகையை அடகு வைக்கலாமா?

நம் வீடுகளில் நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல். கார்டு கடன் வெளியே தெரியாது என்பதால் உறுத்துவதில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. வங்கி நகைக் கடன் 10 சதவீத வட்டியில் கிடைத்தால், 1 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 833 ரூபாய். கார்டில் 4,130 ரூபாய். பெர்சனல் லோன் 15 சதவீதத்தில் கிடைத்தால், 18 மாதத் தவணை சுமார் 6,240 ரூபாய், மொத்தம் 1.12 லட்சம். பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வங்கி கார்டு பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தருவதாகச் சொன்னாலும் வட்டி, ஜிஎஸ்டி, கட்டணம் மூன்றையும் கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

ஒரே நிபந்தனை: கடன் மாறிய பிறகு காலியான கார்டை மறுபடி நிரப்பக் கூடாது. நிரப்பினால் நகையும் போய், கடனும் இரட்டிப்பாகும்.

மாதம் 5,000 ரூபாய் புது நகைச் சீட்டிலோ ஆர்.டி.யிலோ போட்டுக்கொண்டு கார்டுக்கு மினிமம் கட்டுவதும் நஷ்டமே. 7 சதவீதம் சம்பாதிக்க 42 சதவீதம் கொடுக்கிறோம். கைவசம் ஒரு மாதச் செலவுக்கான பணம் இருந்தால் போதும். புதுச் சேமிப்பு கடன் தீர்ந்த பிறகு.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா?

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

ஆனால் உங்களுக்கும் உரிமைகள் உண்டு. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. பாக்கி முழுவதும் கட்டிய பின் கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரை அணுகலாம், தகவலுக்கு 14448.

“பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்” என்று ‘செட்டில்மென்ட்’ பேசினால் யோசியுங்கள். சிபில் அறிக்கையில் அது முழுதாகக் கட்டி மூடிய கடனாகப் பதிவாகாது; பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது கேள்வி வரும்.

முதல் வேலை எது?

எல்லா கார்டு பில்லையும் எடுத்து, பாக்கி, வட்டி, கட்ட வேண்டிய தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் மறைத்து வைத்திருக்கும் கார்டு இருந்தால் எந்தத் திட்டமும் நிற்காது. சம்பளம் வந்த மறுநாளே கார்டுக்கான தொகை தானாகப் போகும்படி செய்துவிட்டால், மாதக் கடைசியில் மிச்சம் இருக்குமா என்று பார்க்க வேண்டியதில்லை.